ஆர்ட்டின் இரண்டு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, அலுமாரியின் மேல்தட்டில் இருந்த இரண்டு சீட்டுக் கட்டுகளையும் எடுத்து, ரப்பர் பட்டி போட்டு என் கையில் தந்தாய். "இனி எனக்கு வேணாம்மா. பிள்ளைக் காம்பராவுல பிள்ளைங்க வெளையாடக் குடுத்துரு" என்றாய். ஏன் என்று கேட்டேன். "முக்கியமான எடத்துல என் மூளை மாறிப்போகுது. பிரிட்ஜ் எனக்குச் சரிவராது. ஷாலினிகிட்டயும் சொல்லிட்டேன், வேற ஜோடி பாத்துக்கச் சொல்லி." இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். கணக்கு வாத்தியார் ஒருவன் தன் மூளையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பா அது? நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். சித்திரைப் போட்டியிலிருந்து நான் செய்துவருவது அதைத்தான். நீ அந்தப் பேச்சை எடுத்தால் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. போனில் சொன்னால் நீ "பரவால்லம்மா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே எழுதுகிறேன். உன் மூளையில் ஒரு பிழையும் இல்லை. பதுளைப் போட்டியில் நாம் தோற்றது உன்னால் அல்ல, என்னால். கை தவறி நடந்ததும் அல்ல, தெரிந்தே செய்தேன். இதை வாசித்த பிறகு நீ என்னோடு ஒரு மேசையில் இனி உட்காராமல் போகலாம். அந்தப் பயத்தில்தான் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஷாலினிக்கும் இதை வாசித்துக் காட்டு. அவளிடம் மறைக்க இதில் ஒன்றும் இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் சீட்டுப் பிடிக்கத் தொடங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், பழைய மாட்டுக் கொட்டகையில் ஆம்பளைகள் பௌர்ணமி போயா லீவு நாட்களில் முந்நூற்றி நாலு என்கிற சீட்டாட்டம் ஆடுவார்கள். பொம்பளைகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஒருநாள் நாலாவது ஆள் வரவில்லை. நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். உன் அப்பா சும்மா பகிடிக்கு, "இவ ஒக்காரட்டும், சீட்டப் புடிச்சிக்கிட்டு இருந்தாப் போதும்" என்றார். உட்கார்ந்தேன். அன்றைக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தோம். அதற்கப்புறம் நாலாவது ஆள் வந்தாலும் அவரை எழுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு எங்கேயும் நாற்காலி கிடைப்பது இப்படித்தான், தம்பி. நாலாவது ஆள் வராத அன்றைக்கு மட்டும். இதை மறந்துவிடாதே. பின்னால் மறுபடி வரும்.

முந்நூற்றி நாலில் துரும்பை, அதாவது மற்றச் சாதிச் சீட்டுகளை வெட்டுகிற சாதியை, சொல்லுகிறவன் அதில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்வான். எது துரும்பு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே பாதி ஆட்டம் களவு. உன் அப்பா இருமினால் அவரிடம் ஜாக்கி இருக்கிறது. காதைச் சொறிந்தால் அந்தச் சாதியை இறக்காதே என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் உட்காரும் மாரியண்ணன் ஒருநாள் சீட்டைக் கீழே போட்டுவிட்டு, "என்னாம்மா, ஒம் புருசன் ஜாக்கி வந்தா மட்டும் இருமுறான். லுணுகலை டொக்டருகிட்டக் காட்டு, அவரும் வெளையாடக் கத்துக்கிடட்டும்" என்றார். கொட்டகையே சிரித்தது. உன் அப்பா கொழும்புக் கடையில் வேலைக்குப் போய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருகிறவரான பிறகு அந்த ஆட்டமும் நின்றது. எனக்கு எதிரில் உட்கார்ந்து என் கையைப் படிக்க ஆள் இல்லாமல் போனது. வேறு எதற்கும் நான் அவரை அவ்வளவு தேடவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இல்லை.

பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது. நீ பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்து, ஆறு மாதம் ஒரே காம்பராவில் நானும் நீயும் அடைந்து கிடந்தோம். போனுக்கு சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். நீ அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்து, இங்கிலீசில் இருந்ததை எனக்கு வாசித்துத் தமிழில் சொல்வாய். இருவரும் ஒன்றாகத்தான் பிரிட்ஜ் படித்தோம். நாலு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு ஜோடி, எது துரும்பு என்று ஏலம் கேட்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். கவிழ்த்து வைக்க ஒன்றும் இல்லை என்று கேட்டதும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. "பின்ன என்னா ஆட்டம் தம்பி இது? எல்லாத்தையும் சொல்லிட்டு என்னா வெளையாடுறது?" என்றேன். "எண்ணும்மா. பதின்மூணு துரும்பு. எது போயிருச்சு, எது யார்கிட்ட இருக்குன்னு எண்ணிக்கிட்டே இரு" என்றாய். காலையிலிருந்து பின்னேரம்வரை, தாய்மார் மலைக்கு வேலைக்குப் போக, பிள்ளைக் காம்பராவில் பதினேழு பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிற ஆயம்மாவிடம் சொல்கிற பேச்சா அது? யார் தொட்டிலில், யார் வாசலில், யார் வேலிக்கு அந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். பதின்மூன்று துரும்பு எனக்கு எம்மாத்திரம்.

நான் முதலில் செய்த பிழை உனக்கு ஞாபகம் இருக்கும். துரும்பை விடவே மாட்டேன். கடைசிவரை கையில் பொத்தி வைத்துக்கொள்வேன். முந்நூற்றி நாலு ஆடிய எல்லாருக்கும் இருக்கிற நோய் அது. நான் துரும்பைச் சேமித்து வைத்திருக்கும்போது, எதிரி தன் கையில் கிடக்கும் ஒரே ஒரு சின்னத் துரும்பால் என் ஏஸை வெட்டிவிட்டுப் போவான். "மொதல்ல துரும்ப எறக்கி, எதிரி கையக் காலி பண்ணும்மா. அப்புறந்தான் ஒன் பெரிய சீட்டுக்கு உசுரு" என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். அதைப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஆனால் எதிர்த்து விளையாடும்போது ஜோடிக்குச் சீட்டால் சேதி சொல்வது இருக்கிறதே, அதில் நான்தான் உன்னைவிட முதலில் தேறினேன். இருமக் கூடாது, காதைச் சொறியக் கூடாது, கண்ணைக்கூட அசைக்கக் கூடாது. போடுகிற சீட்டு மட்டும் பேசும். நான் ஒரு சாதியை இறக்கும்போது அது உனக்குப் பிடித்திருந்தால் பெரிய சீட்டைப் போடுவாய். அதையே தொடரட்டும் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் சின்னதைப் போடுவாய். நிறுத்து, வேறு எதையாவது இறக்கு என்று அர்த்தம். பெரியது வா, சின்னது போ. அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு போனை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வெள்ளைக்காரர்களை நாம் அடித்து விரட்டினோமே, அந்த ஆறு மாதம்தான் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். ஊரெல்லாம் செத்துக்கொண்டிருந்தபோது இப்படிச் சொல்வது பாவம். இருந்தாலும் உண்மை.

நீ பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனாய். அங்கே கிளப்பில் சனிக்கிழமைகளில் பிரிட்ஜ் ஆடுகிறார்கள், வெளியாட்களும் வரலாமாம் என்று சந்தோசமாகச் சொன்னாய். ஏன் திடீரென்று வெளியாட்களைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறாய்? தோட்டத்துரைமார் குறைந்துபோனார்கள், மேசைக்கு நாலு பேர் தேறவில்லை. அதனால்தான். போன இடத்தில், ஓய்வுபெற்ற பெரியதுரையின் மகள், மருந்தாளர் வேலை பார்க்கும் ஷாலினி, ஜோடி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஷாலினி இப்படி ஆடினாள், ஷாலினி அப்படி ஏலம் கேட்டாள் என்பதுதான் பேச்சு. நான் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் சொன்னாய்: "அம்மா, நாங்க சேதியத் தலைகீழா மாத்திட்டோம். சின்னதப் போட்டா வா, பெருசப் போட்டா போ. அதுதான் புத்தி. சேதி சொல்றதுக்காகப் பெரிய சீட்ட வீணாக்க வேண்டியதில்ல பாரு."

நீ சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு எரிந்தது. பங்களாவில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? சின்னதைச் செலவழி, பெரியதைக் காப்பாற்று. நூற்றைம்பது வருசமாக மலையில் நடப்பது அதுதானே? இப்படியெல்லாம் மனதுக்குள் திட்டினேன். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு எரிந்தது அதற்காக இல்லை. நீயும் நானும் சேர்ந்து செய்த ஒரு பாசை இருந்தது. அதை நீ அவளோடு சேர்ந்து தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, அது எவ்வளவு நல்லது என்று என்னிடமே வந்து விளக்குகிறாய். அதற்காக எரிந்தது. உனக்கு அது தெரியவில்லை. ரொட்டி கருகுது என்று மட்டும் சொன்னாய்.

கலியாணப் பேச்சு வந்தபோது நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் காரணம் இல்லை. நல்ல பிள்ளை. துரைக்குத்தான் முகம் சுண்டியது. நம் வாசலுக்கு வந்தவர் ஜீப்பிலிருந்து இறங்கி, கூரையைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், பின்னால் என்னைப் பார்த்து "நல்ல காத்து வருது" என்றார். பதினெட்டு வருசம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை ஆண்ட மனிதருக்கு லயத்தில் காற்று வருவது அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று வரும் ஓட்டையை அடைக்கச் சொல்லித்தான் வருசம் வருசமாக மனு எழுதினோம்.

இனி சித்திரைப் போட்டி. முந்தின நாள் ஷாலினிக்குக் காய்ச்சல் என்று நீ போன் எடுத்தாய். "அம்மா, நீ வா. நம்ம ரெண்டு பேரும் ஆடலாம்." மறுபடியும் ஆள் வராத நாற்காலி. ஆனாலும் நான் துள்ளினேன். தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தேன். அந்தக் கிளப்புக்குள் நான் ஏற்கனவே ஒரு தடவை போயிருக்கிறேன், உனக்குச் சொல்லவில்லை. எனக்குப் பதினாறு வயது. விருந்தொன்றுக்குக் கிளாஸ் கழுவத் தோட்டத்து லொறியில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்தேன். இந்தத் தடவை உன்னோடு முன்படி ஏறினேன். மேசையில் பச்சைத் துணி. நீ எனக்கு எதிரில். அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது ஆட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் பழைய முறையில் ஆடுவோம் என்று பஸ் நிலையத்தில் வைத்துப் பேசியிருந்தோம். எதிர் ஜோடி பார்ப்பதற்காக மேசையில் வைத்த தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தாய். ஆனால் உன் விரல் அவளுடைய முறையில் ஓடியது. நான் கிளாவரை இறக்கினேன், நீ மூன்றைப் போட்டாய். உனக்குக் கிளாவர் வேண்டாம்போல என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் உன் கையில் ராஜாவும் ராணியும் இருக்கின்றன. சரி, பிள்ளைக்குப் பழக்கம் மாறிவிட்டது, நான் அதற்கு ஏற்றபடி படித்துக்கொள்வோம் என்று நினைத்தேன். நேர்மையாக ஆடுவதென்றால், இடைவேளையில் உன்னிடம் சொல்லித் திருத்தியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து தடவை நீ அவளுடைய முறையில் போட்டாய். ஐந்து தடவையும் நான் சரியாகப் படித்தேன். நீ கவனிக்கவே இல்லை. அம்மா எப்போதும் சரியாகத்தானே படிப்பாள்.

இடைவேளையில் இரண்டு காரியம் நடந்தது. நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். முத்துமாலை போட்ட ஒரு அம்மா பேசிக்கொண்டே வந்து, என்னைப் பார்க்காமலே தன் வெறுங்கோப்பையை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருப்பிக் கொடுக்கவில்லை, மேசையில் வைக்கவும் இல்லை. நேரே பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். கால் தானாகப் போனது. அங்கே நம் மேல்லயத்து லெட்சுமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னாக்கா, நீ வெளையாட வந்தியா, கழுவ வந்தியா?" என்று கேட்டாள். "ரெண்டுக்குந்தான்" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் பிறகு என் சேலையைத் தொட்டுப் பார்த்து, "ஜெயிச்சிட்டு இப்பிடியே வந்து சொல்லிட்டுப் போக்கா. எனக்கு உள்ள வர ஏலாது" என்றாள்.

திரும்பி வரும்போது துரை உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தம்பிட ஆட்டத்தப் பாத்தீங்களோ? எல்லாம் எங்கட ஷாலினி பழக்கின கை. அவவுக்குப் பொறுமை கூட." நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. "ஆமா சேர்" என்றாய். அவ்வளவுதான். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. மாமனாராகப் போகிறவரிடம் வேறு என்ன சொல்வாய்? நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். தண்ணீர்த் தொட்டி, சாக்கு, கண்ணாடி வெடித்த என் போன், இவ்வளவையும் அந்த இரண்டு வார்த்தையில் நீ அவருக்குக் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

கடைசி ஆட்டம் துரையோடு. அவரும் அவருடைய டொக்டர் கூட்டாளியும் நமக்கு எதிரே. துரை நாலு இஸ்பேட் கேட்டு எடுத்தார். இஸ்பேட் துரும்பு, நாலு சீட்டு விழும் ஒரு சுற்று ஒரு பிடி, பதின்மூன்று பிடியில் அவருக்குப் பத்து வேண்டும். நமக்கு நாலு பிடி கிடைத்தால் அவர் கவிழ்ந்தார். என்னிடம் ஆர்ட்டின் ஏஸும் ராஜாவும், அதோடு கிளாவர் ஏஸ். ஆர்ட்டின் ஏஸை இறக்கினேன். முறைப்படி, கேட்டவரின் ஜோடியான டொக்டர் தன் சீட்டுகளை எல்லாரும் பார்க்க மேசையில் விரித்தார். நீ ஆர்ட்டின் இரண்டைப் போட்டாய்.

நம் முறைப்படி அது 'நிறுத்து'. உங்கள் முறைப்படி அது 'தொடர்ந்து இறக்கு, என்னிடம் இரண்டே ஆர்ட்டின், மூன்றாவதைத் துரும்பால் வெட்டுகிறேன்'. நான் அடுத்து ராஜாவை இறக்கி, அதற்கடுத்து இன்னொரு ஆர்ட்டினை இறக்கினால் நீ வெட்டுவாய். ஏஸ், ராஜா, உன் வெட்டு, பிறகு என் கிளாவர் ஏஸ். நாலு பிடி. துரை விழுவார். ஐந்து தடவை படித்த பாசையை ஆறாவது தடவை படிக்க எனக்கு ஒரு நிமிசம்கூடத் தேவைப்படவில்லை. தெளிவாகத் தெரிந்தது, தம்பி. நீ என்னோடு பேசவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ அவளோடு பேசிக்கொண்டிருந்தாய். அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள், ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவள்தான். நான் வெறும் கோப்பை வாங்குகிற கை.

"அம்மா, நேரம் போகுது" என்றார் துரை, மரியாதையாகத்தான். நான் ஆர்ட்டினை விட்டுவிட்டு டைமனை இறக்கினேன். அவர் அந்தப் பிடியை எடுத்து, ஒவ்வொன்றாகத் துரும்பை இறக்கத் தொடங்கினார். உன் கையில் இருந்த அந்தச் சின்னத் துரும்பு ஒன்றையும் வெட்டாமல், அவருடைய பெரிய துரும்புக்குக் கீழே போய் விழுந்தது. இஸ்பேட் நாலு. அது விழுந்ததை நான் பார்த்தேன். நீ என்னைப் பார்த்ததையும் பார்த்தேன். நமக்கு மூன்று பிடிதான் வந்தது. அந்த ஒரு கையால் முதலிடம் போய் இரண்டாமிடம் ஆனது. துரை சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே, "என்ன தம்பி, அம்மாவோட இருந்த ஒப்பந்தத்த மறந்திட்டீரோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் உனக்கு விளங்கியது, நீ எந்த முறையில் போட்டாய் என்று. உன் முகம் செத்துப்போனது.

லுணுகலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அவ மொறையில போட்டுட்டேம்மா. ஒன்னைய எல்லார் முன்னாலயும் தோக்க வச்சிட்டேன். மன்னிச்சிரும்மா" என்றாய். "பரவால்ல தம்பி, யாருக்குத்தான் மறக்காது" என்று உன் முதுகைத் தடவினேன். இந்தக் கடிதத்தில் எழுத மிகக் கஷ்டமான வரி இதுதான்: நீ மன்னிப்புக் கேட்டது எனக்கு இனித்தது. தோட்டத்துக்கு வந்து சேரும்வரை இனித்தது. லெட்சுமியிடம் போய்ச் சொல்லாமல் வந்துவிட்டோம் என்பதுகூட மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

நான் எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். துரைமேல் உள்ள கோபம், கோப்பையைத் தந்தவள்மேல் உள்ள கோபம், இந்த மலையில் மூன்று தலைமுறையாக விழுங்கிய கோபம் என்று. பொய். அந்தக் கோபம் என்றால் நான் ஆர்ட்டின் ராஜாவை இறக்கியிருப்பேன். துரையைக் கவிழ்க்க என் கையிலேயே சீட்டு இருந்தது. அவருடைய கிளப்பில், அவருடைய மேசையில், அவருடைய ஆட்கள் பார்த்திருக்க, ஒரு ஆயம்மாவும் அவள் மகனும் அவரைத் தோற்கடித்திருப்பார்கள். லெட்சுமி ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லித் திரிந்திருப்பாள். நான் துரையை ஜெயிக்க விட்டேன், அந்த அறையிலேயே இல்லாத ஒரு பெண்ணைத் தோற்கடிப்பதற்காக. பொறாமை நம்மை யாருக்கு வேலை செய்ய வைக்கிறது என்று பார். என் கோபத்தைப் பற்றி நான் வெட்கப்படவில்லை, அதை நீயும் விட்டுவிடாதே. ஆனால் கோபத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொன்று உள்ளே வந்து உட்காரும். அதைப் பார்த்துக்கொள். உனக்கு நான் சொல்லும் கலியாணப் புத்தி இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் மேடையில் பெரியவர்கள் சொல்வார்கள்.

நீ சீட்டுக் கட்டைத் தந்துவிட்டுப் போன இரண்டாம் நாள் ஷாலினி வந்தாள். தனியாக, பஸ்ஸில், லுணுகலையிலிருந்து ஆட்டோ பிடித்து. உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு தொட்டிலுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்தாள். நம் பக்கம் அத்தை என்போம், அவள் மாமி என்கிறாள். அதுகூட எனக்கு ஒரு சின்ன முள்தான்.

"மாமி, அவர் அன்டைக்கு ஆடின ஆட்டம் முழுதையும் எனக்கு ஒவ்வொரு சீட்டாச் சொன்னவர். எங்க பிழை விட்டனான் எண்டு பாக்கச் சொல்லி. நான் எழுதிப் பாத்தன்."

நான் ஒரு பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"முதல் தரத்த விட்டா, அஞ்சு தரம் அவர் எங்கட மாதிரிப் போட்டிருக்கிறார். அஞ்சு தரமும் நீங்க சரியா விளங்கியிருக்கிறீங்க. ஆறாவது தரம் மட்டும் விளங்கேல்ல." பக்கத்துத் தொட்டிலை மெல்ல ஆட்டிவிட்டாள். "உங்களுக்கு விளங்கினதுதானே, மாமி?"

பதினேழு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போய் ஒளிந்துகொள்ள அடுப்பங்கரையும் இல்லை. "ஆமா" என்றேன்.

அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "நான் அவரிட்ட சொல்லேல்ல. சொல்லவும் மாட்டன். ஆனா அவர் தன்ர மூளையில பிழை எண்டு நம்பிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஜோடி இல்லாமப் போனா பரவாயில்ல, மாமி. அவர் அப்படி நம்பக் கூடாது." பிறகு அரைவாசி சிரிப்போடு, "நான் உங்களோட ஆடிப் பாக்கோணும். ஒரு சேதியை அஞ்சு தரம் சொல்லாமலே விளங்கிற ஆள் எனக்குக் கிடைக்கேல்ல" என்றாள்.

அவள் போன பிறகு எனக்கு மறுபடி எரிந்தது. நல்லவளாக இருக்கிறாளே என்று எரிந்தது. என் களவைக் கண்டுபிடித்து, அதைப் பொத்தி வைத்து, என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். உன்னிடம் சொல்லியிருந்தால் நான் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். நான் நாலு மாதமாகத் துரும்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கவிழ்த்து என் முன்னாலேயே வைத்தாள். இனி அதைத் திருப்ப வேண்டியவள் நான்தான். திருப்பிவிட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். உன் தாலிகட்டு அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டு நிற்பேன், உள்ளே எரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அது என் கை. நீ செய்ய வேண்டியது ஒன்று: இந்தச் சனிக்கிழமை ஷாலினியோடு போய் உட்கார். சின்னது வா, பெரியது போ, உங்கள் முறையிலேயே ஆடு. அது நல்ல முறைதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். எனக்காக நாற்காலியைக் காலியாக வைக்காதே. ஆள் வராத நாற்காலியில் உட்கார்ந்தது எனக்குப் போதும். போயா நாளில் லெட்சுமியை வரச் சொல்லியிருக்கிறேன், தண்ணீர்த் தொட்டிப் பக்கம். சாக்கு இன்னும் இருக்கிறது. கூப்பிடும் முன், கிளப்பில் நான் செய்ததை அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சரி, சீட்ட எடு" என்றாள். துரும்பைப் பொத்திப் பொத்தி வைக்கிறாள், என்னைப்போலவே. சித்திரைக்குள் தேறிவிடுவாள். அடுத்த போட்டிக்கு நாங்கள் ஒரு ஜோடியாகப் பெயர் கொடுத்து, முன்படியால் ஏறி வருவோம். நீங்கள் இருவரும் எதிரில் உட்காருங்கள். மருமகள் என்று விட்டுக்கொடுக்க மாட்டேன், சொல்லிவை.

நீ தந்த கட்டுகளில் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஆர்ட்டின் இரண்டு. இதை நம் பழைய முறைப்படி வாசிக்காதே. நீயும் அவளும் பேசிக்கொள்கிற முறைப்படி போட்டிருக்கிறேன்.

அம்மா